கேட்டு வாங்காத கொம்பு

அந்த அம்மாளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தினக்கூலிகளின் வருகைப் பதிவான மஸ்டர் ரோலில் அவருடைய கைரேகைக்கு முன்னால் இருந்தது புருஷனின் பெயர். 'இன்னார் சம்சாரம்' என்பதோடு சர்க்கார் திருப்தி அடைந்திருந்தது. அவருடைய சொந்தப் பெயரை நான் ஒரே ஒரு முறை காகிதத்தில் எழுதினேன். எழுதிய மூன்றாம் நாள் அவருக்கு வேலை போயிற்று. இன்னொரு முறை எழுதுவதாக இல்லை.

திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு கிளப் இருந்தது. வெள்ளைக்காரர்கள் கட்டியது. அவர்கள் கப்பலேறிய பிறகு நம்முடைய அதிகாரிகள் அதே நாற்காலிகளில் உட்கார்ந்து அதே சோடாவைக் குடித்தார்கள். கட்டடம், தோட்டம், நீச்சல் குளம் மூன்றும் எங்கள் மராமத்து இலாகாவின் பராமரிப்பில் இருந்தன. இலாகாவின் அதிகாரி யாரோ அவரே வழக்கப்படி கிளப்புக்கும் செக்ரட்டரி. பின்கட்டு ஓட்டு அறையில் நான் ஹெட் கிளார்க். பாதிரிமார் கல்லூரியில் லத்தீன் வரை படித்தவனுக்கு, எத்தனை துடைப்பம் தேய்ந்தது என்று எழுதிவைக்கும் உத்தியோகம் கிடைத்தது. குறை சொல்லவில்லை. எந்தத் தாள் எந்தத் தாளுக்கு மேலே இருக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். லத்தீனைவிட அதுதான் அதிக நாள் சோறு போட்டது.

அந்த அம்மாள் ஐம்பதுகளின் நடுவில் களையெடுக்கும் கூலியாக வந்து சேர்ந்தார். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் வீடு. நல்ல உயரம். புடவையை இறுக்கிச் செருகியிருப்பார். வாயில் ஒரு பக்கம் எப்போதும் புகையிலை இருந்ததால் பேச்செல்லாம் மறு பக்கத்திலிருந்து வந்தது. மஸ்டர் ரோலில் வயது முப்பத்தைந்து. நான் பார்த்த எல்லா வருஷமும் முப்பத்தைந்தேதான். சர்க்கார் ரிக்கார்டில் யாருக்கும் நரைப்பதில்லை.

அவருடைய குணம் ஒன்றுதான். அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. லீவு கேட்டதில்லை, வராத நாளில் வரவில்லை, அவ்வளவுதான். கூலியாட்கள் பின்வாசல் வழியாக வர வேண்டும் என்று போர்டே இருந்தது. அவர் முன்வாசல் வழியாக, கார்கள் வரும் சரளைப் பாதையின் நடுவில், இரண்டு பக்கச் செடிகளையும் பார்த்துக்கொண்டு வருவார். வாட்ச்மேன் தடுத்தபோது பின்வாசல் வழியில் நிழல் இல்லை என்றாராம். அதைக் காரணமாக ஏற்கும் விதி எதுவும் கிடையாது. ஆனால் அது உண்மைதானே என்று வாட்ச்மேன் யோசித்து முடிப்பதற்குள் அவர் குளத்தங்கரைக்குப் போய்விட்டிருந்தார்.

ஒருமுறை ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் அவர் ஏறியதைப் பார்த்தேன். துணிப்பைக்கு வெளியே முழ நீளத்துக்கு ஒரு செடியின் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் வந்தார்.

"ஏம்மா, கொம்பு ஆளுங்க கண்ணக் குத்துது. லக்கேஜ் டிக்கெட் எடு."

"காதுல பென்சில் சொருகியிருக்கியே, அதுக்கு எடுத்தியா நீ?"

பஸ் முழுவதும் சிரித்தது. கண்டக்டரும் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். காவிரிப் பாலத்தைத் தாண்டி அந்தக் கொம்பு டிக்கெட் இல்லாமல் ஊருக்குள் வந்தது.

அது எங்கிருந்து வந்த கொம்பு என்று கேட்டேன். ஒரு வீட்டு வேலியைச் சொன்னார். அந்த வீட்டுக்காரரைக் கேட்டு வாங்கினதா என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் அவருடைய வேதம்.

"கேட்டு வாங்குன கொம்பு தழைக்காதுய்யா."

நம் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கும் நம்பிக்கைதான். மற்றவர்கள் அதை ஒரு கறிவேப்பிலைக் கன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். இவருக்கு அது அரசியல் சட்டம்.

சிறு வயதில் ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குப் பூ வளர்க்கும் நந்தவனம் ஒன்றில் வேலை செய்திருக்கிறார். ஏன் அங்கிருந்து வந்தார் என்பது தெரியாது. கேட்காமல் எதையோ செய்திருப்பார் என்று ஊகிக்க அதிக அறிவு தேவையில்லை. அங்கிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பூவை முகர மாட்டார். முகர்கிறவர்களையும் விடமாட்டார். சாமிக்குப் போகும் பூவை மோந்து பார்க்கக் கூடாது என்பது நந்தவனத்து விதி. கிளப்பில் ஏது சாமி என்று நான் கேட்டபோது, "யாருக்குப் போவுதுன்னு நமக்கு என்ன தெரியும்?" என்றார். ஒரு நாள் ஓர் அதிகாரி குனிந்து ஒரு பூவைப் பறித்து மூக்கருகே கொண்டுபோனதும், அந்த அம்மாள் அவருடைய கையிலிருந்து அதை வாங்கிச் செடியடியிலேயே போட்டுவிட்டார். அந்த அதிகாரி மன்னிப்புக் கேட்டார். சர்வீஸில் அவர் வேறு யாரிடமாவது மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

குளத்தங்கரைப் பூப்பாத்தியின் கதை ஒரு படத்தில் தொடங்கியது.

அதுவரை குளத்தோரம் மார்கழியில் நாற்று வாங்கி வைப்பார்கள். தை, மாசியில் பூக்கும். பங்குனி வெயிலில் கருகும். மீதி மாதங்களில் வெறும் மண். செக்ரட்டரிக்கு இது கௌரவக் குறைவாகப்பட்டது. ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். நீச்சல் குளம், அதன் ஓரத்தில் வருஷா வருஷம் தானாகவே பூக்கும் செடிகளின் பாத்தி, நீலம், மஞ்சள், ஊதா என்று பட்டுப்புடவைக் கடைபோல இருந்தது. இதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்றார். தோட்ட வேலைக்காரர்களைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டச் சொன்னார். எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். அந்த அம்மாள் மட்டும் நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் படத்துல நெழலே இல்லையேய்யா."

செக்ரட்டரிக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் விளக்கினார். "வெயிலு இருந்தா நெழலு விழும். நெழலு விழாத ஊருச் செடிய இங்க வச்சா, பங்குனி தாண்டாது."

இந்தப் பொம்பளைக்கு வாய் அதிகம் என்று செக்ரட்டரி என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். விதைகள் பார்சலில் வந்தன. முளைத்தன. பங்குனி தாண்டவில்லை. முளைத்த செய்தி கோப்பில் இருக்கிறது. செத்த செய்திக்குத் தனியாகத் தலைப்பு இல்லாததால் பதிவாகவில்லை.

அதன் பிறகு செக்ரட்டரி மூன்று மாதப் பயிற்சிக்காகச் சென்னைக்குப் போனார். போவதற்கு முன் என்னிடம், பாத்தியில் ஏதாவது நட்டு வை, என்ன நடுகிறார்கள் என்று ஓர் அட்டவணை மட்டும் எனக்கு அனுப்பு என்றார். 'ஏதாவது' என்பது ஆபத்தான சொல். கோப்பில் நான் அதை ஒருபோதும் எழுத விடுவதில்லை. அவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்.

அந்த அம்மாள் முதலில் செய்தது, பாத்தியை இடம் மாற்றியதுதான். கிளப்பின் வராந்தா குளத்துக்குக் கிழக்கே இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து, தண்ணீருக்கு அப்பால் மேற்குக் கரையில் பூக்களைப் பார்க்க வேண்டும் என்பது செக்ரட்டரியின் திட்டம். இவர் மேற்குக் கரையை விட்டுவிட்டுக் கிழக்குக் கரையில், வராந்தாவுக்கும் குளத்துக்கும் நடுவில், நாற்பதடி நீளத்துக்குக் கொத்த ஆரம்பித்தார். என்ன இது என்று ஓடினேன்.

"ஆடிக் காத்து எங்கேர்ந்து வருது?"

"மேற்கேருந்து."

"அந்தப் பக்கம் வச்சா இலையும் பூவும் எங்க விழும்? தொட்டியிலதான விழும்? இந்தப் பக்கம் வச்சா வராந்தாவுல விழும். கூட்ட ஆளு இருக்கு."

பொறியாளர்களுக்கு இது தோன்றவில்லை. ஆனால் கிழக்குக் கரையில் செடி வளர்ந்தால் வராந்தாவிலிருந்து குளமே தெரியாதே என்று எனக்குத் தோன்றியது. காற்றுக்காகத்தான் இந்த மாற்றமா என்று கேட்டேன்.

"காத்துக்கும்தான்" என்றார்.

அடுத்த ஒரு மாதம் அவர் எதையும் நடவில்லை. திட்டம் போட்டார். ஏழெட்டு உடைந்த சட்டிகளில் சட்டிக்கொரு செடியை வைத்து, ப்ளீச்சிங் பவுடர் கலந்த குளத்து நீரைத் தினமும் ஊற்றினார். குளிக்கிறவர்கள் துள்ளும்போது பாத்தியில் தெறிக்கப்போகும் தண்ணீர் அது. எந்தச் செடி தாங்கும் என்று பார்க்க வேண்டும். கனகாம்பரம் பத்து நாளில் போயிற்று. நித்தியகல்யாணி சட்டை செய்யவில்லை. அரளி எல்லாவற்றையும் தாங்கியது, ஆனாலும் அதைத் தூக்கி எறிந்தார். பிள்ளைகள் வாயில் வைத்துவிடும் என்றார். ரோஜா கூடாது, வெறுங்காலோடு நடக்கும் இடத்தில் முள் எதற்கு? அதோடு ரோஜா ஒரு சீக்காளி, எந்நேரமும் ஒருத்தர் பக்கத்தில் இருக்க வேண்டும். பவளமல்லி கூடாது, வேர் தண்ணீரைத் தேடிப் போய்த் தொட்டியைப் பிளக்கும். குளத்தில் இறங்குமுன் எல்லோரும் மேல் கழுவும் குழாயடித் தண்ணீர் வழியும் மூலையில் கல்வாழை. பின்வரிசையில் ஆள் உயரம் வரும் செடிகள், நடுவில் இடுப்பு உயரம், முன்னால் கணுக்கால்.

மாதக் கணக்கை எப்படி வைத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. குளத்தில் உடைந்து விழுந்த நீல ஓடுகளில் பன்னிரண்டைப் பொறுக்கி, பாத்தியின் ஓரத்தில் வரிசையாகப் பதித்தார். தென்கோடியில் சித்திரை, வடகோடியில் பங்குனி. ஒவ்வோர் ஓட்டின் மேலும் அந்த மாதம் எது பூக்குமோ அதன் இலையை வைத்துக் கல்லால் அழுத்தினார். நான் நோட்டுடன் பின்னாலேயே போய் எழுதிக்கொண்டேன். சித்திரைக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ. மார்கழிக்கு டிசம்பர் பூ. நித்தியகல்யாணி எல்லா ஓட்டிலும். நாலாவது ஓட்டின் மேல் எதுவும் இல்லை.

"ஆடிக்கு?"

"ஒண்ணுமில்ல. ஆடி கவாத்து மாசம். எல்லாத்தையும் வெட்டிவிட்டாத்தான் மழைக்குத் தழைக்கும்."

"வருஷம் பூராவும் பூக்கணும்னு உத்தரவு."

"செடிக்கு உத்தரவு எழுதப் படிக்கத் தெரியுமாய்யா?"

'ஆடி – இல்லை' என்றே எழுதினேன். அட்டவணையைச் சுத்தமாகப் படியெடுத்துச் சென்னைக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. படித்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

செடிகள் வாங்க இண்டெண்ட், அதாவது தேவைப் பட்டியல், போட வேண்டுமே என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மறுநாளிலிருந்து துணிப்பையில் கொம்புகள் வர ஆரம்பித்தன.

இரண்டே வருஷத்தில் அந்தப் பாத்தி எழுந்து நின்றது. அடுக்குச் செம்பருத்தியின் சிவப்பு, இட்லிப்பூவின் ஆரஞ்சு, கல்வாழையின் மஞ்சள், இவற்றுக்கு நடுவே நந்தியாவட்டையின் வெள்ளை. வெயிலில் கண் கூசும். யாரும் பார்த்துப் பார்த்து வைத்ததுபோல இல்லை. ஊரிலுள்ள செடியெல்லாம் தானே நடந்து வந்து வரிசையில் நின்றதுபோல இருந்தது. ஒரு வகையில் அதுதான் நடந்திருந்தது.

இன்னொன்றும் நடந்தது. வராந்தாவிலிருந்து குளம் தெரியாமல் போயிற்று. அதுவரை மாலையில் சோடாவும் கையுமாக உட்கார்ந்து குளிப்பவர்களை வேடிக்கை பார்த்த கனவான்களுக்கு இப்போது செம்பருத்திதான் தெரிந்தது. அதற்கு அடுத்த கோடையில் அதிகாரிகள் வீட்டுப் பெண்கள் நான்கு பேர் காலையில் நீச்சல் பழக வந்தார்கள். கிளப்பின் சரித்திரத்தில் நம் ஊர்ப் பெண்கள் அந்தக் குளத்தில் இறங்கியது அதுதான் முதல் தடவை. வராந்தாக்காரர்கள் பாத்தியைப் பற்றிப் புகார் எழுதினார்கள். காற்றோட்டம் தடைபடுகிறது என்று காரணம் சொல்லியிருந்தார்கள். 'காத்துக்கும்தான்' என்று அவர் சொன்னது எனக்கு அன்றுதான் புரிந்தது.

செக்ரட்டரிக்குப் பாத்தி பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தனக்குக் கீழ்ப்படியாத அழகு அவருக்குப் பிடிக்கவில்லை. சந்தர்ப்பத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம், சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் கிளப்புக்கு வருவதாகக் கடிதம் வந்தது. அது வந்தபோது அந்த அம்மாள் கவாத்தை முடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. பாத்தி முழுக்கக் குச்சி. சாண் உயரத்தில் வெட்டிய கொம்புகளும் அடியில் கொஞ்சம் நித்தியகல்யாணியும்தான். செக்ரட்டரி தலையில் கைவைத்தார். பிறகு நம் அலுவலகங்களுக்கு என்றே உள்ள அந்த வைத்தியத்தைச் செய்தார். நர்சரியிலிருந்து பூத்த தொட்டிச் செடிகள் அறுபதை வண்டியில் வரவழைத்து, பாத்தியில் குழி தோண்டி, தொட்டியோடு புதைத்து, விளிம்பு தெரியாமல் மண்ணை மூடச் சொன்னார். பெரிய மனிதர் போனதும் தோண்டித் திருப்பி அனுப்பிவிடலாம். நம் ஜில்லாவில் எத்தனையோ திறப்பு விழாக்களில் பூத்துக் குலுங்கியவை இப்படிப்பட்ட ஒருநாள் தோட்டங்கள்தான். அவர் வருவதற்கு முந்திய நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. குழி தோண்டியதில் கொம்புகளின் வேர்கள் பாதி அறுந்து வெளியே கிடந்தன.

மறுநாள் அந்த அம்மாள் வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் வந்தார். அறுந்த வேர்களைப் பார்த்தார். அறுபது தொட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, குளத்தின் விளிம்பில் மண் ஒட்டியபடியே வரிசையாக வைத்தார். குழிகளை மூடி, தண்ணீர் ஊற்றி, வேர்களைச் சுற்றி மண்ணை மிதித்து இறுக்கினார். செக்ரட்டரியும் விருந்தாளியும் சரளைப் பாதையில் வரும்போதுதான் கடைசிக் குழியை மூடிக்கொண்டிருந்தார்.

விருந்தாளி தொட்டி வரிசையைப் பார்த்தார். பிறகு குச்சிகளைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். செக்ரட்டரி இங்கிலீஷில் ஒரு நீளமான வாக்கியத்தைத் தொடங்கினார். அது முடிவதற்குள் பாத்திக்குள்ளிருந்து பதில் வந்துவிட்டது.

"கவாத்து பண்ணிருக்குங்க. புரட்டாசில வாங்க, பூ பாக்கலாம்."

விருந்தாளி வாய்விட்டுச் சிரித்தார். தொட்டிகள் எதற்கு என்று கேட்டார். "அது எங்க செடி இல்லீங்க. விருந்துக்கு வந்தது, சாயங்காலம் போயிடும்" என்றார் அந்த அம்மாள். பெரிய மனிதர் இன்னும் அதிகமாகச் சிரித்தார். தானும் அப்படித்தான் என்றார். அவரோடு சேர்ந்து செக்ரட்டரியும் சிரிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சிரிப்பை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன் விலை யார் தலையில் விழும் என்பதும் எனக்குத் தெரிந்தது.

மஸ்டர் ரோல் கூலியை நிறுத்த ஒரு வார்த்தை போதும். நாளையிலிருந்து வராதே என்று மேஸ்திரி சொன்னால் முடிந்தது. செக்ரட்டரி கோபத்தில் இருந்தார். பாத்தியை ஒரு வாரத்துக்குள் வேரோடு தோண்டி மட்டம் செய்ய வேண்டும், இந்தச் செடிகளை யார் உத்தரவின் பேரில் எங்கிருந்து கொண்டுவந்தாள் என்று எழுத்து மூலம் விளக்கம் வாங்க வேண்டும் என்று எனக்குக் குறிப்பு அனுப்பினார். கோபத்தில் எழுத்து மூலம் எதையும் கேட்கக் கூடாது. பதில் வந்துவிடும்.

நான் அந்த அம்மாளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நிலைமையைச் சொன்னேன். அதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் விதிகளைப் படித்ததற்குப் பயன் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

சர்க்கார் நிலத்தில் இருக்கும் எதையும் அழிக்க வேண்டுமானால், அது முதலில் இருப்புப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இந்தச் செடிகள் எதிலும் இல்லை. பதிவேட்டில் ஏற்ற வேண்டுமானால் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். அது அடுத்தவர் சொத்து என்று எழுத்தில் வந்துவிட்டால், சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதிப் பதில் வாங்காமல் ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. ஆக, கொம்புகள் எங்கிருந்து வந்தன என்று அவர் உண்மையைச் சொன்னால் பாத்தி நிற்கும். ஆனால் அது திருட்டு வாக்குமூலம். அவர் போக வேண்டியதுதான். யாரோ ஊர் பேர் தெரியாதவன் கொண்டுவந்து கொடுத்தான் என்று சொன்னால், நான் அதட்டிவிட்டதாக எழுதி அவரை வேலையில் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் சொந்தக்காரர் இல்லாத பாத்தி போய்விடும்.

"ரெண்டுல ஒண்ணுதாம்மா. யோசிச்சுச் சொல்லு. இதை விட்டா உனக்கு வேற வேலை இல்லை."

அவர் யோசிக்கவில்லை. "செடி நிக்குமா?" என்றார்.

"நிக்கும்."

"நெசமா?"

"இந்த ஆபீஸ்ல கடிதத்துக்குப் பதில் வந்து பாத்திருக்கியா?"

புகையிலையை ஒதுக்கிக்கொண்டார். "அப்ப எழுதுங்க. பேர மொதல்ல எழுதுங்க. அந்தாளு பேரு வேணாம், எம் பேரு."

எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, பாத்தியின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை ஒவ்வொரு செடியாகக் காகிதத்தில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். டிசம்பர் பூ, கன்னியாஸ்திரீகள் மடத்துச் சுவரோரம். கல்வாழைக் கிழங்கு, ஜங்ஷன் பிளாட்பாரம். இட்லிப்பூ, ஜட்ஜ் பங்களா. நாய் துரத்தியது, அதையும் எழுதச் சொன்னார். நித்தியகல்யாணி, கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம். "ஒரு தொரை மேல வளந்து கெடந்துச்சு. அவரு ஒண்ணும் சொல்லல."

"அடுக்குச் செம்பருத்தி?"

"செக்ரட்டரி அய்யா வீட்டு வேலி. தெருப் பக்கம் இல்ல, உள்பக்கம். சன்னலண்ட."

'சன்னலண்ட' என்பதையும் விடாமல் எழுதினேன்.

"நந்தியாவட்டை?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அது உங்க வீடுய்யா. மேலப்புதூரு. எழுதுங்க."

என் மனைவி மாதா படத்துக்குப் பூ வேண்டும் என்று சட்டியில் வளர்த்த சின்னச் செடி அது. இருந்த ஒரே நல்ல கொம்பை யாரோ ஒடித்துக்கொண்டு போக, மிச்சம் அந்தக் கோடையில் பட்டுப்போயிற்று. பக்கத்து வீட்டுக்காரிதான் ஒடித்தது என்று தீர்மானித்து, என் மனைவி அவளோடு பேச்சை நிறுத்தி வருஷங்கள் ஆகியிருந்தன. அதை அந்த அம்மாளிடம் சொன்னேன். வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றார்.

கைரேகை வைத்தார். நான் குறிப்பு எழுதினேன். செடிகளை அகற்றுவதற்கு முன் கீழ்க்கண்டவர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று வரிசைப்படுத்தினேன்: நீதிபதி, மடத்துத் தலைவி, ஸ்டேஷன் மாஸ்டர், கல்லறைத் தோட்டத்துக்குப் பொறுப்பான பங்குச் சாமியார். ஆடியில் பூ இல்லாதது செக்ரட்டரி அவர்கள் ஒப்புதல் அளித்த அட்டவணையின்படியே என்று சுட்டிக்காட்டி, கையெழுத்திட்ட தாளை மேலே வைத்தேன். கடைசியாக, செக்ரட்டரியும் ஹெட் கிளார்க்கும் சொத்தை இழந்தவர்கள் என்பதால் இருவருக்குமே இந்தக் கோப்பைக் கையாளத் தகுதி இல்லை, சென்னைக்கு அனுப்பி மேலிடத்து உத்தரவு கோரலாம் என்று முடித்தேன். நான் எழுதியதிலேயே நல்ல குறிப்பு அது. யாரிடமும் காட்ட முடியவில்லை என்பதுதான் வருத்தம்.

செக்ரட்டரி இரண்டு முறை படித்தார். "சன்னலண்டையா?" என்று மட்டும் கேட்டார். பாத்தியைத் தோண்டும் உத்தரவோடு சேர்த்துக் கோப்பை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். மூன்றாம் நாள் மேஸ்திரி அந்த அம்மாளை வர வேண்டாம் என்றார்.

கடைசி நாள் அவர் பாத்தியைத் திரும்பிப் பார்த்ததாகவோ கண் கலங்கியதாகவோ எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. என் அறைக்கு வெளியே நின்று, வருஷா வருஷம் ஆடியில் வெட்ட வேண்டும் என்று நினைவூட்டினார். "சாண் வுட்டு வெட்டணும். யாரையும் கேக்காம வெட்டுங்க. கேட்டா வேணாம்பாங்க." களைக்கொத்து அவருடைய சொந்தம், அதைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனார். வாட்ச்மேன் எழுந்து நின்றான்.

அந்த வருஷம் புரட்டாசியில் பாத்தி பூத்தது. பெரிய மனிதர் வரவில்லை.

அடுத்த ஆடியில் நான் வீட்டிலிருந்து கத்தரியைக் கொண்டுபோனேன். ஆபீஸ் நேரத்துக்கு முன்னால் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்பதடியையும் வெட்டினேன். அதற்கு உத்தரவு இல்லை. எந்தத் தலைப்பிலும் அது வராது. செக்ரட்டரி மாற்றலாகிப் போனார், வேறொருவர் வந்தார். ஒவ்வோர் ஆடியிலும் வெட்டினேன். இடையில் மழை பொய்த்த ஒரு வருஷம் குளத்தில் தண்ணீர் நிரப்பவில்லை. வெறும் நீலப் பள்ளம் வாயைப் பிளந்து கிடக்க, அதன் கரையில் செம்பருத்தி தன்பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம்தான் அவரை மறுபடி பார்த்தேன். ஸ்ரீரங்கத்தில், அப்போது மொட்டையாக நின்ற ராயகோபுரத்துப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். நரைத்திருந்தார். பையிலிருந்து ஏதோ ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அவர் பொருட்படுத்தவில்லை.

"ஆடில வெட்டினீங்களா?"

"வெட்டினேன்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். எத்தனையோ அதிகாரிகள் என் சர்வீஸ் புத்தகத்தில் நன்னடத்தை எழுதியிருக்கிறார்கள். அந்தத் தலையாட்டலுக்கு முன்னால் அவையெல்லாம் வெறும் மைதான்.

அறுபதுகளின் முடிவில் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், முகரவில்லை. கூட்டம் முடிந்ததும் குளத்தங்கரைக்குப் போய், நந்தியாவட்டையில் ஒரு நல்ல கொம்பாகப் பார்த்து ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன். வாட்ச்மேன் புதியவன். கிளப்பிலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான்தான்.

"சார், கேட் பாஸ்?"

"இல்லை" என்றேன். "எழுதிக்கோ."

அந்தக் கொம்பு இப்போது மேலப்புதூரில் என் வீட்டு வேலியோரம் ஆள் உயரம் நிற்கிறது. ஆடியில் வெட்டுகிறேன். போகிறவர் வருகிறவர் ஒடித்துக்கொண்டு போகிறார்கள். சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். சிலர் ஒழுங்காகக் கதவைத் தட்டி, ஒரு கொம்பு கிடைக்குமா என்று கேட்கிறார்கள்.

கேட்கிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.